வாடகைத் தாய்க்கு ஏற்கெனவே இருக்கும் மருத்துவ பாலிசி போதுமா?

நித்யா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. எங்கள் குழந்தையைத் தான் சுமப்பதாக என் நாத்தனார் அவராகவே முன்வந்திருக்கிறார், வயது 32, ஒரு பையன் இருக்கிறான். கோர்ட் வேலையெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, குழப்பம் இன்சூரன்ஸில்தான். அவர் கணவருக்கு ஆபீஸில் கொடுத்த குரூப் பாலிசியில் மகப்பேறும் உண்டு, அதுவே போதுமே என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை. நமக்காகத் தன் உடம்பைக் கொடுக்கிறவருக்கு ஏதாவது ஆகி, க்ளெய்ம் இல்லை என்று கையை விரித்துவிட்டால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலா:
போதாது. வீட்டில் ஒத்துக்கொண்டாலும் சட்டம் ஒத்துக்கொள்ளாது. 2021 வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி பெற்றோராகப் போகிறவர்கள்தான் வாடகைத் தாய் பெயரில் 36 மாதத்துக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும், ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) அங்கீகாரம் உள்ள நிறுவனம் அல்லது ஏஜென்ட் வழியாக. எத்தனை லட்சம் என்று விதிகளில் எழுதவில்லை. கர்ப்பத்தால் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும், பிரசவத்துக்குப் பிறகு வருபவற்றுக்கும் போதுமான தொகை என்று மட்டும்தான் இருக்கிறது. அதனால் குறைந்த பிரீமியம் எது என்று தேடாதீர்கள். அதோடு அவருக்கு உடல்நலக் கேடோ இழப்போ வந்தால் ஈடு செய்வோம் என்று மாஜிஸ்ட்ரேட் முன் அஃபிடவிட்டும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, குரூப் பாலிசி வேலையோடு ஒட்டியது, நாளைக்கே அவர் கணவர் வேலை மாறினால் அதுவும் போய்விடும்.

செல்வி:
நித்யா, நான் ஒரு ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கிறேன், அன்றாடம் பார்ப்பதைச் சொல்கிறேன். பாலிசியின் முதல் பக்கத்தில் 'மகப்பேறு உண்டு' என்று இருப்பதை நம்பாதீர்கள், நேராக 'விலக்குகள்' பகுதிக்குப் போங்கள். நிறைய பாலிசிகளில் குழந்தையின்மை சிகிச்சை, ஐவிஎஃப், வாடகைத்தாய் எல்லாம் ஒரே வரியில் விலக்கப்பட்டிருக்கும். அப்புறம் அந்த வரியைக் காட்டிப் பிரசவ க்ளெய்மையும் மறுப்பார்கள். சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு நாங்கள் நிறுவனத்துக்கு அனுப்பும் முன் அனுமதிப் படிவத்தோடு பழைய ஸ்கேன், சிகிச்சைக் குறிப்பு எல்லாம் போகும், எப்படிக் கருத்தரித்தார் என்பது அதிலேயே இருக்கும். மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், உண்மையை மறைத்தார்கள் என்று பாலிசியையே ரத்து செய்ய அது காரணமாகிவிடும்.

எனக்குப் பெரிய கவலை பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள்தான். குழந்தையைக் கையில் வாங்கியதும் எல்லாரும் குழந்தை பக்கம் திரும்பிவிடுவார்கள். தையல் போட்ட இடத்தில் சீழ், தாமதமாக வரும் ரத்தப்போக்கு, இறங்காத ரத்த அழுத்தம் என்று டிஸ்சார்ஜ் ஆகிப் போன அம்மா திரும்ப அட்மிட் ஆவதைப் பார்த்திருக்கிறேன். அந்த 36 மாதம் இதற்காகத்தான். காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு க்ளெய்ம் செய்யக் காத்திருக்க வேண்டிய காலம்) எவ்வளவு, சிசேரியனுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் கருவை வைப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது டெஸ்க்கில் செல்லாது.

ரகு:
அமெரிக்காவில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வாடகைத் தாயின் சொந்த பாலிசியே சில சமயம் கவர் செய்யும். சிலவற்றில் நேரடி விலக்கு இருக்கும், சிலவற்றில், இன்சூரன்ஸ் நிறுவனம் சிகிச்சைக்குக் கட்டிய பணத்தை, வாடகைத் தாயாக இருப்பதற்கு அவருக்குக் கிடைக்கும் தொகையிலிருந்து திரும்பக் கேட்கும் நிபந்தனை ஒளிந்திருக்கும். நாங்கள் வக்கீலிடம் கொடுத்து முழு ஆவணத்தையும் படிக்க வைத்தோம், சுருக்கத் தாளை மட்டும் பார்த்தால் தெரியாது. பிறந்த குழந்தை அவர் பாலிசியில் வராது, உங்கள் ஆபீஸ் பாலிசியில் 30 நாளுக்குள் சேர்க்க வேண்டும்.

நித்யா:
ரொம்ப நன்றி. பாலா சார், தனி பாலிசிதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். செல்வி அக்கா, குழந்தையைப் பிறந்ததும் எங்கள் பாலிசியில் சேர்க்க முடியுமா?

செல்வி:
பாலிசியைப் பொறுத்தது. முதல் நாளிலிருந்தே சேர்ப்பவையும் உண்டு, 90 நாள் ஆகட்டும் என்பவையும் உண்டு. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் வைத்தால் செலவு முழுக்க அந்த இடைவெளியில்தான் வரும். உங்கள் நிறுவனத்துக்கு இப்போதே மெயில் போட்டு, வாடகைத் தாய் வழியாகப் பிறக்கும் குழந்தை என்று தெளிவாக எழுதிப் பதில் வாங்குங்கள். நாத்தனார் பாலிசியின் விலக்குப் பக்கத்தை, பெயர், எண்ணை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.