புதுப்பிப்பு: மூன்று இயங்குதளங்களுக்கும் ஒரே முகப்பு போதுமா?

என் கணக்கு மென்பொருளின் முகப்பை (பயனர் காணும் திரைகள், பொத்தான்கள்) விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதுவதா, ஒரே நிரலாக எழுதுவதா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். இறுதியில் ஒரே நிரலாக எழுதுவதென முடிவுசெய்து, மூன்றிலும் இயங்கும் முகப்பை உருவாக்க உதவும் கியூட்டி விட்ஜெட்ஸ் (Qt Widgets) என்ற கருவித்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். வலைப்பக்க நுட்பங்களால் முகப்பை எழுத உதவும் எலக்ட்ரானில் (Electron) ஒவ்வொரு செயலியும் குரோமியம் என்ற உலாவியையே தன்னுடன் சுமந்து வருவதால், இவ்வளவு சிறிய மென்பொருளுக்கு அது மிகையாகப் பட்டது.

இதே வகையிலான இன்னொரு கருவித்தொகுப்பான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் (wxWidgets) பெரும்பாலும் இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே அழைக்கிறது; கியூட்டியோ அவற்றைப் போலவே தோன்றும்படி தானே வரைந்துகொள்கிறது. இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது, பார்வையற்ற பயனர் ஒருவர் சோதித்தபோதுதான்: நான் கையால் வரைந்திருந்த நிலுவைத் தொகையைக் காட்டும் பட்டையை அவருடைய திரைவாசிப்பான் ஒரு சொல்கூடச் சொல்லாமல் தாண்டிச் சென்றது. பிழை என்னுடையதே, அந்தக் கூறின் பெயரையும் மதிப்பையும் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் பகுதியை நான் எழுதவே இல்லை. இயங்குதளத்தின் சொந்தக் கூறாக இருந்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி தானாகவே கிடைத்திருக்கும்.

உரையாடல் பெட்டிகளில் ‘சரி’, ‘ரத்து’ பொத்தான்களின் வரிசை விண்டோஸில் ஒருவிதமாகவும் மேக்கில் வேறுவிதமாகவும் அமையும். இயங்குதளத்துக்கேற்ப வரிசையை அமைக்கவென்றே கியூட்டியில் உள்ள பொத்தான் பெட்டியைப் பயன்படுத்தியதும் (முதலில் நான் கையால் அடுக்கியது வீண்வேலை) அது சரியாகிவிட்டது. மேக்கின் பட்டியமைப்பு (மெனு) மட்டும் இன்னும் பாக்கி.