பராமரிப்பு இல்லாத குடியிருப்பில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

படிக்கட்டு வாசகன், மேற்கு மாம்பலம்

காரை பெயராத பழைய அடுக்ககம் சென்னையில் எங்கே இருக்கிறது? ஆகவே அதை விளக்கப் போவதில்லை. எங்கள் மாடிப்படித் திருப்பத்தின் அடிப்பக்கம் மழைக்கு முன்பே உப்பிக் கிடந்தது. சங்கத்தில் கேட்டால் "எஸ்டிமேட் வாங்கியிருக்கிறோம்" என்பார்கள். வாங்கிய எஸ்டிமேட்டுகளை ஒட்டியே அந்த இடத்தை மூடியிருக்கலாம்.

போன மாதம் விடியற்காலையில், பேப்பர் போடும் பையன் சைக்கிளைப் படியடியில் சாய்த்துவிட்டு மேலே வந்திருக்கிறான். கீழே ஒரு பாளம் பெயர்ந்து கேரியரில் இருந்த கட்டின் மேல் விழுந்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிப் போய் அந்தப் பாளத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு மறுபடி மாடி ஏறினான். செயலாளர் வீட்டு வாசலில் கிடந்த அன்றைய பேப்பர் பறந்துவிடாமல் அதன் மேல் வைத்துவிட்டுப் போனான். துருப்பிடித்த கம்பியின் தடம் அதில் பழுப்பாகப் பதிந்திருந்தது. அந்தப் பாளம் இப்போது சங்க அலமாரியில், எஸ்டிமேட் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

நான்காம் மாடி

எங்கள் லிப்ட் எப்போது நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். 'பழுது' என்று எழுதிய அட்டையே மஞ்சளாகிவிட்டது. இருந்தாலும் ஆயுத பூஜை அன்று வாட்ச்மேன் லிப்ட் கதவைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, மாவிலை செருகிப் பொரி படைத்தார். நாங்கள் சிரித்தோம்.

அடுத்த வாரம் அப்பா தவறிவிட்டார். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, "திருப்பத்தில் பெட்டி திரும்பாது. அவரைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்" என்றார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் சேர்த்துக் கட்டி இறக்கினோம். கீழே வந்து மூச்சு வாங்குவதற்காக நாற்காலியை வைத்த இடம் லிப்ட் கதவுக்கு நேர் எதிரே. சந்தனப் பொட்டு உதிராமல் இருந்தது. லிப்ட் நிதிக்கு முதல் ஆளாகப் பணம் கட்டியவர் அப்பா. ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. வேலை நடக்காததற்கு ஒரே காரணம், தரைத்தளத்தில் இருக்கும் நான்கு வீட்டுக்காரர்களும் "நாங்கள் ஏறுவதில்லை" என்று பங்கு தர மறுத்ததுதான்.

தரைத்தளம், வேளச்சேரி

நான்காம் மாடிக்காரரின் துக்கம் புரிகிறது. ஆனால் பழியைத் தூக்கித் தரைத்தளத்தின் மேல் போடுவதை ஏற்க முடியாது. ஏறாத லிப்டுக்கு நாங்கள் பணம் தர வேண்டுமாம். மேலே இருப்பவர்கள் விடும் கழிவுநீர் எங்கள் வீட்டுக்குள் வந்தால் மட்டும் அது எங்கள் தலைவிதியாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வாசலில் கழிவுநீர் சேரும் தொட்டியான சேம்பரைத் தூர்வார வேண்டும் என்று மழைக்காலத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். யாரும் தொடவில்லை. சாக்கடை எதிர்த்துக் குளியலறைக்குள் ஏறியது. நான் நெல் மூட்டைச் சாக்கில் மணலைக் கட்டிக் குழாய் வாயில் அமுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சக்கையாகச் சப்பிப்போட்ட முருங்கைக்காய் ஒன்று மிதந்து வந்தது. ஊரே முழுகிக் கிடக்கும்போது மேல்வீட்டில் சாம்பார் வைத்துச் சாப்பிட்டு, தட்டுக் கழுவியிருக்கிறார்கள். அதே நேரத்தில் படியில் நின்று ஒருவர் குரல் கொடுத்தார்: "கரண்ட் வந்ததும் மோட்டார் போடலாம் இல்லையா?" அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

என் அனுபவம் சிறியதுதான். எங்கள் சன்ஷேடில் ஓர் அரசங்கன்று முளைத்தது. பிடுங்கலாம் என்று ஏணியோடு போனேன். இரண்டாம் மாடி அம்மாள் அதற்கு மஞ்சள் கயிறு கட்டிப் பொட்டு வைத்திருந்தார். "தானாக வந்த தெய்வம், கை வைக்காதீர்கள்" என்றார். இன்று அந்தத் தெய்வம் சுவரை இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது.

காரை பற்றி எழுதியவருக்குச் சில சொல்ல வேண்டும். காரை விழுவது காரையின் குற்றம் இல்லை. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் இருக்கும் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, மேலே இருப்பதைத் தள்ளிவிடும். தளத்துக் கம்பிக்கு 20 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், விட வேண்டும் என்பார்கள். பழைய கட்டடங்களை உடைத்துப் பார்த்தால் பல இடங்களில் அதில் பாதிகூட இருக்காது. இது தெரியாமல் கொத்தனாரைக் கூப்பிட்டு, விழுந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி வெள்ளையடித்துவிடுகிறார்கள். அது புண்ணின் மேல் பவுடர் போடுவது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றோசை கேட்கும் இடம் முழுவதையும் உடைத்தெடுத்து, கம்பியைப் பின்பக்கமும் சேர்த்துத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதன் பிறகு பாலிமர் கலவை போட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி. எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டைமாடிக் கசிவை நிறுத்துங்கள். தண்ணீர் போகும் வாய்களில் அடைத்திருக்கும் சருகை அள்ளினாலே பாதிக் கசிவு நிற்கும்.

இதெல்லாம் பயன்படாத நிலைக்குக் கட்டடம் போய்விட்டால், 2022ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம் இருக்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம். முன்பு ஒரே ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் எல்லோரும் நின்றாக வேண்டும்.

எட்டாவது பிளாக்

ஓவர்சியர் ஐயா, பாலிமர் கலவையை யார் வாங்கித் தருவார்? நாங்கள் அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருக்கிறோம். தவணை கட்டி முடித்தவர்களுக்கும் விற்பனைப் பத்திரம் கைக்கு வரவில்லை. நாங்களே சுவரைத் தொட்டால் "அரசு கட்டடம்" என்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டால் "உங்கள் வீடுதானே" என்கிறார்கள்.

2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் இருந்த பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து ஆட்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அதன் பிறகுதான் எங்கள் பக்கமும் அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். விரிசலின் அளவு படத்தில் தெரிய வேண்டும், ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டார். மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து விரிசலின் வாயில் பிடித்தேன். கை நழுவியது. ஸ்கேல் உள்ளே போய்விட்டது. டொக்கென்று எங்கோ கீழே போய் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. படம் எடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "வேறு ஸ்கேல் இருக்கிறதா?" என்றார்.

முன்னாள் செயலாளர், அண்ணாநகர்ப் பக்கம்

எல்லோரும் செயலாளரையே திட்டுகிறீர்கள். அந்த நாற்காலியில் சம்பளம் இல்லை, வசவு மட்டும் உண்டு. தொட்டி கழுவ ஆள், மோட்டாருக்கு ஆள், தண்ணீர் லாரிக்கு முன்பணம் எல்லாம் என் பையிலிருந்துதான் முதலில் போகும். செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கக்கூடாது, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று சொல்லி இயந்திரம் வரவழைத்தால், "போன தடவை பாதிச் செலவில் முடிந்ததே" என்று கணக்குக் கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

வாட்டர் புரூபிங்குக்குப் பொதுக்குழு கூட்டினேன். ஆட்கள் வரட்டும் என்று பஜ்ஜிக்கும் சொல்லியிருந்தேன். எல்லோரையும்விட அதிகப் பாக்கி வைத்திருந்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, மூன்றாவது பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே தலைகளை எண்ணினார். "கோரத்துக்கு ஆள் போதவில்லை. தீர்மானம் செல்லாது." கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பாக்கிதாரர் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதலாமா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

படிக்கட்டு வாசகன்

நாங்கள் எழுதினோம். மறுநாள் பலகையே காணோம்.

நான்காம் மாடி

வேளச்சேரி நண்பருக்கு: லிப்ட் பொதுச் சொத்து. மொட்டைமாடி ஒழுகினால் தரைத்தளத்துக்கு ஒழுகாது, ஆனாலும் பங்கு கொடுக்கிறீர்கள் அல்லவா? சேம்பர் அடைத்தால் நான்காம் மாடிக்கு நாறாது, நான் கொடுக்கவில்லையா? உங்கள் கட்டடத்து லிப்ட் பங்கை முதலில் கட்டிவிட்டு எழுதுங்கள்.

தரைத்தளம், வேளச்சேரி

எங்கள் கட்டடத்தில் லிப்டே கிடையாது. நியாயத்தைச் சொன்னேன். ஓவர்சியர் சார், சேம்பர் மூடிக்கு வார்ப்பிரும்பு நல்லதா, கான்கிரீட் நல்லதா? போன மூடியை யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள்.