ஏற்காடு ஏற்றமும் நாலுவழிச் சாலையும்: 91, 95 பெட்ரோல், வேகம், மைலேஜ் – அனுபவப் பகிர்வு (சாதா பெட்ரோல் 91 ஆக்டேன், விலை கூடியது 95 என்று இருந்தபோது எழுதியது)

அழகாபுரம்

2019 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்கு ஊட்டும் கருவி) கிடையாது. ஓட்டம் பெரும்பாலும் ஏற்காடு, நடுநடுவே உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை. பங்க்கில் நின்றால் “95 போடுங்க சார், மைலேஜ் கூடும்” என்கிறார்கள். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம். நிஜமாகவே கூடுமா? பைபாஸில் எந்த வேகம் கட்டுப்படியாகும்? வண்டி வேலை தெரிந்தவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

கோரிமேடு மெக்கானிக்

முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் பாருங்க. அங்கே இல்லாவிட்டால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 91 என்று போட்டிருந்தால் 91 போதும். அந்த வண்டிக்கு 95 ஊற்றினால் பங்க்குக்குத்தான் லாபம்.

காரணம் இதுதான். ஆக்டேன் எண்ணுக்கும் பெட்ரோலில் உள்ள சக்திக்கும் சம்பந்தமே இல்லைங்க. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்கிற எண் அது. பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். தீ போய்ச் சேருவதற்குள் மறு ஓரத்தில் இருக்கிற கலவை தானே வெடித்தால் அதுதான் நாக்கிங், அதாவது தட்டல். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம் வரும். ஏற்றத்தில், பெரிய கியரில், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது நன்றாகக் கேட்கும்.

இப்போதைய வண்டிகளில் இன்ஜின் பிளாக்கில் தட்டலை உணரும் நாக் சென்சார் இருக்கு. தட்டல் ஆரம்பித்ததுமே இன்ஜினை நடத்தும் கணினியான இசியு, பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, பின்னுக்கு இழுத்துவிடும். அதனால் பல வண்டிகளில் சத்தம் காதுக்கு வருவதே இல்லை, இழுவை மட்டும் செத்துப்போகும். பொறி தாமதமாக விழுவதால் அதே பெட்ரோலில் கிடைக்கும் வேலையும் குறையும், மைலேஜும் குறையும். 95 போட்டால் மீட்டுத் தருவது இந்த இழப்பை மட்டும்தான். டைமிங் பின்னுக்குப் போகாத வண்டியில் மீட்பதற்கு ஒன்றுமில்லை. கலவையைப் பன்னிரண்டில் ஒரு பங்காக அமுக்கும் 12:1 கம்ப்ரஷன் இன்ஜின்களைக்கூட இன்றைக்கு 91-க்கே டியூன் செய்து விற்கிறார்கள். அதனால் கம்ப்ரஷன் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீங்க.

டர்போவும், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த வண்டி வேறு ஜாதி. புத்தகத்தில் “95 பரிந்துரை” என்று இருந்தால், முழு லோடில் மலை ஏறும்போது வித்தியாசம் காலில் தெரியும். அதிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2017-ல், உயர் ஆக்டேன் பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளைச் சோதித்துப் பார்த்தது. சராசரியாகக் கூடிய மைலேஜ் 2.7 சதவீதம். நம் ஊரில் லிட்டருக்கு 100 ரூபாய், 95-க்கு 108 என்று வைத்துக்கொண்டால் செலவு 8 சதவீதம் ஏறுகிறது. 15 கொடுக்கும் வண்டி 16.2 கொடுத்தால்தான் போட்ட காசு கைக்கு வரும். 2.7 சதவீதத்தில் 15.4-தான் வரும்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் “இங்கே 87-லேயே ஓடுது” என்று சொல்வார்கள். அது வேறு கணக்கு. அங்கே இரண்டு சோதனை எண்களின் சராசரியைப் பம்பில் எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 கிட்டத்தட்ட நம் 91-தான்.

91 வண்டி 91 பெட்ரோலில் தட்டுகிறது என்றால் 95-க்கு ஓடாமல் காரணத்தைத் தேடுங்க. எரியறையில் கார்பன் படிந்திருக்கும். பிளக்கை யாரோ சூட்டு எண் (எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்ற அளவு) பார்க்காமல் மாற்றியிருப்பார்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒரு வேகத்தில் மட்டும் ஓடும், கூலன்ட் குறைந்திருக்கும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காது. பிளக்கைக் கழற்றும்போது இடைவெளியைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்க. 0.8-லிருந்து 1.1 மில்லிமீட்டர் வரை வண்டிக்கு வண்டி மாறும். பீங்கானில் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளியோ வெள்ளிப் பொட்டோ தெரிந்தால் அந்த இன்ஜின் தட்டியிருக்கு என்று அர்த்தம்.

ஏற்காடு டூரிஸ்ட் வண்டி

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு மலை விஷயத்தைச் சேர்க்கிறேன். மலைக்குப் போவதால் உயர் ஆக்டேன் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். டர்போ இல்லாத வண்டிக்கு நடப்பது நேர்மாறு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட 13, 14 சதவீதம் குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்தால் அமுக்கத்தின் முடிவில் வரும் அழுத்தமும் குறையும், தட்டலும் குறையும். மேலே போகப் போக இன்ஜினுக்கு ஆக்டேன் தேவை இறங்கும், பவரும் கூடவே இறங்கும். இருபதாவது கொண்டை ஊசியில் வண்டி சோர்ந்து போவதற்குப் பெட்ரோல் காரணமில்லை, காற்றுதான். டர்போ வண்டி அந்தக் குறையைத் தானே அமுக்கி ஈடுகட்டும், அதனால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

தட்டல் வருவது அடிவாரத்தை அடுத்த முதல் சில வளைவுகளில்தான். காற்று அடர்த்தியாக இருக்கும், சித்திரை வெயில், ஏசி ஓடும், நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், மூன்றாம் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) இழுத்துக்கொண்டு போவார்கள். கியரைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். 1.2 லிட்டர் வண்டிக்கு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் 2,200 முதல் 3,000 ஆர்பிஎம் சரியாக இருக்கும். மூன்றாம் கியரை 1,800-க்குக் கீழே விடாதீர்கள். கொண்டை ஊசிக்குள் நுழைவதற்கு முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும். வளைவுக்குள் கிளட்சை மிதித்துத் தேடினால் வேகம் செத்துவிடும். மறுபடி அரைக் கிளட்சில் இழுப்பதில் பெட்ரோலும் போகும், கிளட்ச் தட்டும் தேயும்.

ஏற்றத்தில் மைலேஜ் 7, 8-க்கு வந்தால் பயப்பட வேண்டாம். ஆட்களோடு 1,300 கிலோ வண்டியை 1,100 மீட்டர் தூக்க வேண்டும். அதற்கே 14 மெகாஜூல் ஆகிறது. ஒரு லிட்டரில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது எட்டு மெகாஜூலுக்குக் கொஞ்சம் மேல். ஆகத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 1.7 லிட்டர். இருபது கிலோமீட்டர் உருள்வதற்கு இன்னொரு 1.2. மொத்தம் மூன்று லிட்டர் பக்கம். எந்தப் பெட்ரோலைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. டிக்கியில் தேவையில்லாமல் கிடக்கும் 50 கிலோவை இறக்கினால் கொஞ்சம் மாறும்.

இறங்கும்போதுதான் விட்டதில் கொஞ்சத்தைப் பிடிக்கலாம். ஆனால் நியூட்ரலில் இல்லை, கியரில். ஆக்ஸிலேட்டரிலிருந்து முழுக்கக் காலை எடுத்து, கியரில் இன்ஜின் 1,500 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றினால் இசியு இன்ஜெக்டரை அடைத்துவிடும். பெட்ரோல் சொட்டுகூடப் போகாது, சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க மணிக்கு 0.7 லிட்டர் மாதிரி குடித்துக்கொண்டே வரும். உடனடி மைலேஜ் காட்டும் மீட்டர் இருந்தால் பாருங்கள். இரண்டாம் கியரில் காலை எடுத்ததும் அது உச்சத்துக்குப் போய் நிற்கும். நியூட்ரல் போட்டதும் சரசரவென்று கீழே வரும்.

பிரேக் விஷயம் இதைவிடப் பெரிது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டி வண்டி என்றால் மேனுவல் மோடில் 2, கியர் படிகள் இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது எஸ். நியூட்ரலில் வந்தால் மொத்தப் பாரமும் பிரேக் பேடில் விழும். நாலைந்து வளைவுக்குள் கருகல் வாசனை வரும், அப்புறம் பெடல் மிதித்தும் வண்டி நிற்காது. தர்மபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் இறக்கத்தில் கனரக வண்டிகள் கட்டுப்பாடு இழப்பதில் இந்த நியூட்ரல் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. டீசல் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறார்கள், மிச்சமும் ஆவதில்லை.

ஆத்தூர் ரோடு

வேகத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. பணம் போவது அங்கேதான்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100 போனால் காற்றுச் சுமை ஒன்றரை மடங்குக்கு மேல், 120 போனால் இரண்டேகால் மடங்கு. டயர் உருளும் எதிர்ப்பு அப்படி ஏறாது, கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு இரண்டையும் கூட்டினால் 80-ல் சுமார் 340 நியூட்டன், 100-ல் 450, 120-ல் 590. குதிரைத்திறனில் சொன்னால் 80-ஐத் தாக்குப்பிடிக்கப் பத்து போதும், 120-க்கு இருபத்தாறு வேண்டும். இன்ஜின் கூடுதல் சுமையில் கொஞ்சம் திறமையாக ஓடும் என்பதால் பெட்ரோல் செலவு அதே விகிதத்தில் ஏறாது. இருந்தாலும் 80-லிருந்து 100-க்குப் போனால் 20, 25 சதவீதம் கூடுதலாகக் குடிக்கும். 95 பெட்ரோல் தருவதாகச் சொல்லும் லாபத்தைவிட இது பல மடங்கு.

சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையை எடுத்துக்கொள்ளுங்கள், 136 கிலோமீட்டர். சீராக 80 என்றால் 1 மணி 42 நிமிடம், 100 என்றால் 1 மணி 22 நிமிடம். 80-ல் 20 தரும் வண்டி 100-ல் 16.5 தந்தால், 6.8 லிட்டர் ஆக வேண்டியது 8.2 ஆகும். இருபது நிமிடத்துக்கு 1.4 லிட்டர். காகிதத்தில்தான் அந்த இருபது நிமிடமும். சாலையில் லாரி, டோல், ஊர் நுழைவு எல்லாம் சேர்ந்து அதில் பாதியைத் தின்றுவிடும்.

அடித்துப் பிடித்துப் போய் டோலில் பிரேக் போடுவதற்கும் விலை இருக்கு. 1,300 கிலோ வண்டியை நின்ற இடத்திலிருந்து 80-க்குக் கொண்டுவர 40 மில்லி பெட்ரோல், 100-க்கு 60 மில்லி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது பிரேக் டிஸ்க்கில் சூடாகப் போகிறது. டோல் கூரை தெரிந்ததும் காலை எடுத்துவிட்டு கியரிலேயே உருள விட்டால், ஏற்காடு அன்பர் சொன்ன அதே இன்ஜெக்டர் அடைப்பு இங்கேயும் வேலை செய்யும்.

ரொம்பக் குறைத்தாலும் லாபம் இல்லை. டாப் கியரில் இன்ஜின் திணறாமல் ஓடும் குறைந்த வேகத்திலிருந்து 80 வரைதான் நல்ல இடம். 40-ல் நாலாம் கியரில் ஊர்ந்தால் ஏசியும் இன்ஜினின் சொந்த உராய்வும் நேரக்கணக்கில் தின்னும். மேலே கேரியர் கட்டியிருந்தால் காலியாக இருந்தாலும் கழற்றி வையுங்கள். ஜன்னல் திறப்பது ஊருக்குள் 50 வரை சரி. பைபாஸில் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதே மேல்.

சங்ககிரி

91, 95 சண்டைக்கு நடுவே எத்தனாலை விட்டுவிட்டீர்கள். இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு ஆக்டேன் 108 பக்கம், ஆனால் ஒரு லிட்டரில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் ஏறி மைலேஜ் இறங்குவது எப்படி என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையிலேயே கணக்கு இருக்கு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10-க்கு டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் 6, 7 சதவீதம் குறையும். இ10-க்கே வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்தவற்றில் 1, 2 சதவீதம்.

அழகாபுரத்துக்காரர் வண்டி 2019 மாடல். மைலேஜ் சமீபமாக இறங்கியிருந்தால் இன்ஜினைப் பிரிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ் ரப்பர் உப்பியிருக்கா, கசிவு வாசனை வருதா என்று சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை மாதக்கணக்கில் ஏற்காடு பனியில் நிறுத்தி வைப்பவர்கள் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

அழகாபுரம்

மூடியில் 91 என்றுதான் இருக்கு. இனி சாதாவே போடுகிறேன். சரியாக அளந்து பார்க்க என்ன வழி? மீட்டர் காட்டுவதை நம்பலாமா?

கோரிமேடு மெக்கானிக்

மீட்டர் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும், 5 முதல் 10 சதவீதம் வரை. டேங்க் டு டேங்க் பாருங்க. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், காலை நேரம். பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்க, “ரவுண்டா போட்டுடறேன்” என்று மேலும் அமுக்க விடாதீங்க. டிரிப் மீட்டரை சைபர் ஆக்குங்க. குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி முதல் கட் வரை போடுங்க. ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். 20 லிட்டரில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே 5 சதவீதம் பிசகும். அதனால் ஒரு டேங்க் கணக்கை வைத்து 91-ஐயும் 95-ஐயும் ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றிலும் மூன்று டேங்க் ஒரே வழியில் ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் பேச முடியும். மலை ஓட்டத்தையும் பைபாஸ் ஓட்டத்தையும் ஒரே டேங்க்கில் கலக்காதீங்க.

அளக்கும் முன் இரண்டு வேலை. பிரேக் அதிகம் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு வீல் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் இறுகியிருக்கு, முழுதாக விலகவில்லை. இன்ஜின் ஆயிலையும் பாருங்க. மெல்லிய 0டபிள்யூ-20 ஊற்ற வேண்டிய வண்டியில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் மைலேஜ் இறங்கத்தான் செய்யும்.

அழகாபுரம்

டயர் காற்று? மேலே போனால் கூடுகிறது, இறக்க வேண்டும் என்கிறார்களே?

ஏற்காடு டூரிஸ்ட் வண்டி

இறக்காதீர்கள். வெளிக்காற்றழுத்தம் குறைவதால் ஏற்காட்டில் டயர் கேஜ் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடுதலாகக் காட்டும், உண்மைதான். ஆனால் மேலே குளிர். எட்டு டிகிரி குறைந்தால் ஒன்றேகால் பிஎஸ்ஐ இறங்கிவிடும். ராத்திரி நின்ற வண்டியில் காலையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகியிருக்கும். ஏறி வந்த சூட்டில் அளந்து 4, 5 பிஎஸ்ஐ கூட இருக்கிறது என்று இறக்கிவிட்டால், சேலம் வந்து ஆறியதும் டயரில் காற்று குறைந்து நிற்கும். கிளம்பும் முன் சேலத்திலேயே, குளிர்ந்த டயரில், கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். முழு லோடுக்கு அதில் தனி எண் இருக்கும், பின் டயருக்கு அதைப் பாருங்கள்.