பொருளியல் அறிஞர் எம்.பி. ஆகும்போது: மன்மோகன் சிங்கின் மாநிலங்களவை வாழ்வு பற்றி ஒரு கேள்வி

கேள்வி (முதுகலை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பொருளியல் அறிஞர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆவது குறித்து வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். மன்மோகன் சிங்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேம்பிரிட்ஜ் பட்டம், 1962இல் ஆக்ஸ்போர்டு முனைவர் பட்டம், டெல்லிப் பொருளியல் பள்ளியில் பேராசிரியர் பணி, 1972இல் தலைமைப் பொருளாதார ஆலோசகர், 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர் என்று அவருடைய பணி வரலாறு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. 1991 முதல் 2024 வரை, இடையில் சில வாரங்கள் நீங்கலாக, அவர் மாநிலச் சட்டப்பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களவையிலேயே இருந்திருக்கிறார். ஆனால் அந்த உறுப்பினர் பதவியைப் பற்றி யாரும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. மக்களை நேரில் சந்தித்து வாக்குக் கேட்டு வெல்லாத ஒருவரை அரசியல்வாதியாக மாறிய பொருளியல் அறிஞர் என்று சொல்லலாமா, அல்லது அவர் கடைசிவரை நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த ஓர் ஆலோசகர்தானா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன் ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. 1991 ஜூலை 24ஆம் நாள் அந்தப் பெயர்பெற்ற நிதிநிலை அறிக்கையை மக்களவையில் வாசித்தபோது மன்மோகன் சிங் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர். ஜூன் 21 அன்று பிரதமர் நரசிம்ம ராவின் அமைச்சரவையில் நிதியமைச்சராகப் பதவியேற்றார். அதற்கு முன்புவரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தார். உறுப்பினர் அல்லாத ஒருவர் ஆறு மாதம் வரை அமைச்சராக நீடிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு. அந்தக் கெடு முடிவதற்குள், அக்டோபரில், அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 88ஆம் பிரிவின்படி அமைச்சர் எந்த அவையிலும் பேசலாம். ஆனால் தான் உறுப்பினராக இல்லாத அவையில் வாக்களிக்க முடியாது. ஆகவே தன் முதல் நிதிநிலை அறிக்கைக்கு அவரே ஆதரவாகக் கைதூக்க இயலாத நிலையில்தான் அதைக் கொண்டுவந்தார்.

அப்போது நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். நாட்டின் செலாவணிக் கையிருப்பு இரண்டு வார இறக்குமதிக்குத்தான் வரும் என்று எங்கள் மேலாளர் சொன்னபோது நாங்கள் அதை மிகை என்றே நினைத்தோம். ஜூலை முதல் வாரத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் சுமார் 47 டன் அடகுக்காக வெளிநாடு போயிற்று. இவையெல்லாம் ஒரு பொருளியல் அறிஞர் கோப்பில் எழுதி ஒப்புதல் பெறக்கூடிய முடிவுகள். நாடாளுமன்றம் என்றால் என்ன என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது உர விலை.

அந்த அறிக்கையில் உர விலையைச் சராசரியாக 40 விழுக்காடு உயர்த்தினார். மானியச் சுமையைக் குறைக்காமல் நிதிப் பற்றாக்குறையைக் குறைக்க முடியாது என்ற கணக்கில் பிழையில்லை. எதிர்க்கட்சிகள் எதிர்த்தது வியப்பும் இல்லை. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்களே, அதிலும் கிராமத் தொகுதிகளிலிருந்து வந்தவர்கள், தங்கள் சொந்த நிதியமைச்சருக்கு எதிராகக் கட்சிக்குள் எழுந்து நின்றார்கள். ராவ் நடத்தியதோ பெரும்பான்மை இல்லாத அரசு. ஆகஸ்டு தொடக்கத்தில் உயர்வு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு அதிலிருந்து விலக்கும் தரப்பட்டது. எத்தனை விழுக்காடு சரி என்பதைப் பாடநூல் சொல்லும்; எத்தனை விழுக்காட்டை ஓர் அவை தாங்கும் என்பதை எதிரே அமர்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அறிய முடியும். அவர் அரசியல்வாதியாக மாறத் தொடங்கியது அந்த இரண்டு வாரங்களில்தான் என்பது என் எண்ணம்.

மறுமொழி 2 (அரசியல் அறிவியல் ஆசிரியர்)

முதல் மறுமொழியை மதிக்கிறேன். ஆனால் ஐயா சொன்ன நிகழ்ச்சியே என் ஐயத்துக்கும் ஆதாரமாகிறது. அந்த இரண்டு வாரங்களில் உழவர்களின் குரலைக் கொண்டுவந்தவர்கள் தொகுதி வைத்திருந்த உறுப்பினர்கள். மன்மோகன் சிங் அதைக் கேட்டுக்கொண்டவர். 1999இல் அவர் ஒரே ஒரு முறை நேரடித் தேர்தலில் நின்றார். தெற்கு டெல்லியில் பாரதிய ஜனதாவின் விஜய் குமார் மல்கோத்ராவிடம் சுமார் 30,000 வாக்குகளில் தோற்றார். டெல்லியின் ஏழு தொகுதிகளும் அந்த ஆண்டு பாரதிய ஜனதாவுக்கே போயின; எனவே அந்தத் தோல்வியை அவருடைய தனிப்பட்ட தோல்வியாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. இருந்தாலும் சீர்திருத்தங்களால் பயனடைந்ததாகச் சொல்லப்பட்ட நகர்ப்புற நடுத்தர வகுப்பு நிறைந்த தொகுதியே அவரை ஏற்கவில்லை என்பதைக் கட்டுரையில் குறிப்பிடாமல் விட்டுவிடாதீர்கள்.

இதன் விலை 2008 ஜூலையில் வெளிப்பட்டது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தின் பொருட்டு இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டபோது அரசு நம்பிக்கை வாக்குக் கோரியது. 275க்கு 256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. அந்த 275இல் பிரதமரின் வாக்கு இல்லை. இருக்கவும் முடியாது, அவர் மக்களவை உறுப்பினர் அல்லர். விவாதத்துக்கான பதிலுரையைக்கூட இரைச்சலுக்கு நடுவே வாசிக்க முடியாமல் அவையில் தாக்கல் செய்துவிட்டு அமர்ந்தார். இந்திரா காந்தி, தேவகௌடா, குஜ்ரால் ஆகியோரும் மாநிலங்களவையில் இருந்துகொண்டு பிரதமர் பதவி வகித்தவர்கள்தாம். ஆனால் பத்தாண்டுகள் முழுவதும் அப்படியே இருந்தவர் மன்மோகன் சிங் ஒருவரே.

நேரடியாக வென்ற பொருளியல் அறிஞர் ஒருவரையும் உங்கள் கட்டுரையில் எதிர்ப்புறத்தில் நிறுத்தலாம். வி.கே.ஆர்.வி. ராவ் 1908இல் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் புகழ்பெற்ற பொருளியல் அறிஞர் கெய்ன்ஸிடம் பயின்றவர். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவின் தேசிய வருமானத்தை முறையாகக் கணக்கிட்ட முன்னோடிகளுள் ஒருவர். மன்மோகன் சிங் பாடம் சொல்லிக்கொடுத்த டெல்லிப் பொருளியல் பள்ளியை நிறுவியவரும் அவர்தான். அவர் 1967இலும் 1971இலும் கர்நாடகத்தின் பெல்லாரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கப்பல், போக்குவரத்து அமைச்சராகவும் பின்னர் கல்வி அமைச்சராகவும் இருந்தார். கல்லூரியில் நாம் எல்லோரும் மரம் நட்ட நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் அவர் காலத்தில்தான் தொடங்கப்பட்டது. ஆனால் நிதியமைச்சகம் அவருக்குக் கிடைக்கவில்லை. மக்களிடம் வாக்கு வாங்கிய பொருளியல் அறிஞருக்குக் கப்பலும் கல்வியும். வாக்கு வாங்காதவருக்கு நாட்டின் கருவூலம். இடையில் ஒன்று: ராவ் மறைந்தது 1991 ஜூலை 25, அந்த நிதிநிலை அறிக்கைக்கு மறுநாள்.

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பெல்லாரிச் செய்தி எனக்குப் புதியது, நன்றி. ஆனாலும் ஆசிரியர் அவர்களுடன் ஓர் இடத்தில் வேறுபடுகிறேன். தொகுதி இல்லாதவரை அவை எளிதாக விட்டுவிடவில்லை. பங்குச்சந்தை முறைகேட்டை விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் அறிக்கை 1993 டிசம்பரில் நிதியமைச்சகத்தையும் குறை கூறியது. மன்மோகன் சிங் பதவி விலகல் கடிதம் கொடுத்தார், பிரதமர் நரசிம்ம ராவ் அதை ஏற்கவில்லை. ஆலோசகர் பிழை செய்தால் கோப்பில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அமைச்சர் பிழை செய்தால் அவையில் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்த வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்தக் கடிதம் சான்று.

மேலும் 1998 முதல் 2004 வரை அவர் மாநிலங்களவையின் எதிர்க்கட்சித் தலைவர். ஆட்சியில் இல்லாத அந்த ஆறு ஆண்டுகளை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவருடைய உரைகளில் மிகவும் பிடித்தது 2016 நவம்பர் 24 அன்று, பணமதிப்பு நீக்கத்தைப் பற்றி அவர் பேசியது. சில நிமிடங்களே பேசினார், குரலும் தாழ்ந்தே இருந்தது. நாட்டின் உற்பத்தி வளர்ச்சி இரண்டு விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் குறையக்கூடும் என்றார். நடந்ததைத் திட்டமிட்ட கொள்ளை என்றும் சொன்னார். முதல் வாக்கியம் பேராசிரியருடையது, இரண்டாவது எதிர்க்கட்சி உறுப்பினருடையது. 1991இல் இரண்டாவது வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மறுமொழி 4 (சட்ட மாணவர்)

ஒரு சிறு திருத்தமும் ஒரு சேர்க்கையும். அவர் இறுதிவரை அசாமின் உறுப்பினராக இருந்தார் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. அசாமிலிருந்து தொடர்ந்து ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 2019 ஜூனில் அந்தப் பதவிக்காலம் முடிந்தபோது அசாம் சட்டப்பேரவையில் காங்கிரசுக்குப் போதிய எண்ணிக்கை இல்லை. மாணவி குறிப்பிட்ட அந்தச் சில வார இடைவெளி இதனால் வந்ததுதான். ஆகஸ்டில் ராஜஸ்தானில் காலியான ஓர் இடத்துக்குப் போட்டியின்றித் தேர்வாகி 2024 ஏப்ரல் வரை இருந்தார்.

சேர்க்கை இது. 2003 வரை, மாநிலங்களவைக்குப் போட்டியிடுபவர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. இன்று பாகிஸ்தானில் உள்ள காஹ் என்ற ஊரில் பிறந்து டெல்லியில் வாழ்ந்த அவர், அதற்காகக் குவாஹாட்டியில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து வாக்காளராகப் பதிவுசெய்துகொண்டார். வீடு அப்போதைய முதலமைச்சர் ஹிதேஸ்வர் சைகியாவின் குடும்பத்தினுடையது. சட்டத்தை மீறவில்லை, ஆனால் சட்டம் எதிர்பார்த்த வகையில் அவர் அசாமியரும் அல்லர். 2003இல் அந்த விதி நீக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நேர்மைக்குப் பெயர்பெற்ற ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு வாடகைச் சீட்டின் பலத்தில் ஒரு மாநிலத்தின் பிரதிநிதியாக இருக்க வேண்டியிருந்தது. இதையும் உங்கள் கட்டுரையில் எழுதுவீர்களா?

கேள்வி கேட்டவர்

எழுதுவேன். கட்டுரையை ஆக்ஸ்போர்டிலிருந்து தொடங்க நினைத்திருந்தேன். இப்போது உர விலையிலிருந்து தொடங்கப் போகிறேன். பெல்லாரித் தேர்தல்களைப் பற்றி மேலும் படிக்க, மக்களவை விவாதப் பதிவுகளில் ராவ் அவர்களின் உரைகளை நாளை நூலகத்தில் தேடுகிறேன். அனைவருக்கும் நன்றி.