எக்செல்லில் ஆவணக் களஞ்சியத்தின் தாவல் காணவில்லை, அவசரம்

வரைவகம்_குறிச்சி | செவ்வாய், முற்பகல் 11.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பம்பு நிறுவனத்தில் வரைபடங்களையும் சோதனை அறிக்கைகளையும் ஒரு பொறியியல் ஆவண மேலாண்மை மென்பொருளில் (களஞ்சியம் என்போம்) வைத்திருக்கிறோம். எக்செல்லைத் திறந்தால் மேலே அந்த மென்பொருளுக்கென்று தனியாக ஒரு தாவல் இருக்கும். அங்கிருந்தே கோப்பை செக்-அவுட் செய்து (திருத்துவதற்காக வெளியே எடுத்து), அளவுகளை எழுதி, திரும்பச் செக்-இன் செய்து உள்ளே வைத்துவிடுவோம். நேற்றிலிருந்து அந்தத் தாவல் காணவில்லை. மென்பொருளை நீக்கிவிட்டு இரண்டு முறை நிறுவிப் பார்த்தும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். தெரிந்தவர்கள் உடனே சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நொய்யல்கரை | செவ்வாய், முற்பகல் 11.52

எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு, எக்செல் எந்தப் பதிப்பு, விண்டோஸ் எது என்று எதையுமே நீங்கள் எழுதவில்லை. வேர்டில் அந்தத் தாவல் வருகிறதா? அலுவலகத்தில் மற்றவர்களுடைய கணினிகளில் வருகிறதா? இவற்றைச் சொன்னால்தான் யாராலும் உதவ முடியும்.

மின்னல்_அவினாசி | செவ்வாய், நண்பகல் 12.05

இது நிச்சயமாக நச்சுநிரல் தடுப்பியின் வேலைதான். எங்கள் அலுவலகத்திலும் ஒரு நாள் காலையில் இதே போலத் தாவல் மறைந்தது. தடுப்பியை நிறுத்தியதும் வந்துவிட்டது. முதலில் அதை நிறுத்திவிட்டு, கணினியை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

ஆணிவேர் | செவ்வாய், நண்பகல் 12.20

தம்பி, ஆட்-இன் (எக்செல்லோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல்) மறைந்துபோகும் சிக்கலைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் இருக்கின்றன. தேடிப் பார்க்கும் பொறுமையில்லாமல் ‘அவசரம்’ என்று தலைப்பில் போட்டுவிட்டால் விடை ஓடி வந்துவிடாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே ‘மேனேஜ்’ என்னும் இடத்தில் ‘டிசேபிள்டு ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கவும். எக்செல் திறக்கும்போது ஏதேனும் ஒரு ஆட்-இன்னால் முடங்கிப்போனால், அடுத்த முறை அதைத் திறக்காமல் அந்தப் பட்டியலில் ஒதுக்கிவைத்துவிடும். மின்தடையில் யுபிஎஸ் கைவிட்டிருந்தாலும் அப்படி நடக்கும். இது அடிப்படைப் பாடம்.

வரைவகம்_குறிச்சி | செவ்வாய், பிற்பகல் 2.10

பதில் அளித்த எல்லோருக்கும் நன்றி. முதலில் ஒன்று, நான் தம்பி அல்ல. ‘டிசேபிள்டு ஐட்டம்ஸ்’ பட்டியல் காலியாக இருக்கிறது. நச்சுநிரல் தடுப்பியை நிறுத்த எனக்கு அனுமதி இல்லை. மென்பொருளின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார், வாங்கியது 2014-இல். எக்செல் புதியது. வேர்டிலும் தாவல் வரவில்லை. பக்கத்து மேசை அண்ணனுடைய கணினியில் மட்டும் வழக்கம்போல வருகிறது.

நொய்யல்கரை | செவ்வாய், பிற்பகல் 2.25

‘எக்செல் புதியது’ என்பது பதிப்பு எண் ஆகாது. ஃபைல், அக்கவுண்ட், ‘அபவுட் எக்செல்’ என்று போனால் மேலே முதல் வரியிலேயே பதிப்பும், அதன் கடைசியில் அது 32-பிட் வகையா 64-பிட் வகையா என்பதும் இருக்கும். அந்த வரியை அப்படியே எழுதுங்கள். அண்ணனுடைய கணினியிலும் பார்த்து எழுதுங்கள்.

மின்னல்_அவினாசி | செவ்வாய், பிற்பகல் 2.31

தடுப்பியாக இல்லையென்றால் ‘புரொடெக்டட் வியூ’வாகத்தான் இருக்கும். சர்வரைப் பெயர் சொல்லி அழைக்காமல் ஐபி எண்ணை வைத்துக் கோப்பைத் திறந்தால், விண்டோஸ் அதை இணையத்திலிருந்து வந்த கோப்பாகக் கருதிப் படிக்க மட்டும் அனுமதிக்கும். அந்த நிலையில் ஆட்-இன்கள் வேலை செய்யமாட்டா.

சென்னிமலை_தறி | செவ்வாய், மாலை 4.45

மின்னல் நண்பர் சொல்லும் தகவல் சரிதான், ஆனால் அது இந்த நோய்க்கான மருந்தா என்பதை ஒரே சோதனையில் தெரிந்துகொள்ளலாம். சர்வரைத் தொடாமல் எக்செல்லில் ஒரு வெற்றுத்தாளைத் திறந்து பாருங்கள். அதிலும் தாவல் இல்லையென்றால் கோப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. குறை எக்செல்லுக்கும் ஆட்-இன்னுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அடுத்ததாக, ஆணிவேர் காட்டிய அதே ‘மேனேஜ்’ பட்டியலில் ‘காம் ஆட்-இன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ‘கோ’ பொத்தானை அழுத்துங்கள். உங்கள் களஞ்சியத்தின் பெயர் அங்கே இருக்கிறதா, இருந்தால் அதன் கட்டத்தில் டிக் இருக்கிறதா, அதைச் சொடுக்கும்போது கீழே ‘லோட் பிஹேவியர்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். அந்தப் பெட்டியின் அடியில் வரும் ஒற்றை வரியை யாருமே படிப்பதில்லை. நோய் என்னவென்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

வரைவகம்_குறிச்சி | செவ்வாய், மாலை 5.30

வெற்றுத்தாளிலும் தாவல் இல்லை. ‘காம் ஆட்-இன்ஸ்’ பட்டியலில் பெயர் இருக்கிறது, டிக் இல்லை. நான் டிக் போட்டு ஓகே கொடுத்தேன். திரும்பத் திறந்தால் டிக் போய்விட்டது. கீழே ‘நாட் லோடட். எ ரன்டைம் எரர் அக்கர்டு ட்யூரிங் த லோடிங் ஆஃப் த காம் ஆட்-இன்’ என்று இருக்கிறது.

என்னுடைய எக்செல் 64-பிட். அண்ணனுடையது 2013, 32-பிட். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை என் கணினியில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டார்கள். கடைக்காரரே விண்டோஸையும் ஆஃபிஸையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைத்து முதலில் எழுதவில்லை.

நொய்யல்கரை | செவ்வாய், மாலை 5.38

முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டிய செய்தி அதுதான்.

ஆணிவேர் | செவ்வாய், மாலை 5.50

நான் அப்போதே நினைத்தேன்.

சென்னிமலை_தறி | செவ்வாய், இரவு 8.15

காரணம் இப்போது ஏறக்குறையத் தெளிவாகிவிட்டது. இந்த வகை ஆட்-இன் என்பது எக்செல்லின் உள்ளேயே, அதே நிரலின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றப்படும் ஒரு டிஎல்எல் கோப்பு. 64-பிட் நிரலுக்குள் 32-பிட் டிஎல்எல் ஏறாது, மாற்றிச் செய்தாலும் ஏறாது. திருகு மரையும் நட்டு மரையும் வேறு வேறு பிட்ச்சில் இருப்பதைப் போன்றதுதான். 2014-இல் வாங்கிய உங்கள் மென்பொருளின் ஆட்-இன், அந்தக் காலத்து வழக்கப்படி, 32-பிட்டாக இருக்க வேண்டும். அப்போது ஆஃபிஸை நிறுவினால் 32-பிட்தான் இயல்பாக ஏறும். 2019-ஆம் பதிப்பிலிருந்து நாம் வேறு கேட்காவிட்டால் 64-பிட் ஏறுகிறது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

டிக் போய்விடுவதற்கும் இதுவே காரணம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த ஆட்-இன்னின் ‘லோட்பிஹேவியர்’ மதிப்பு 3 என்று இருந்தால் எக்செல் திறக்கும்போதே அதை ஏற்றிக்கொள்ளும். ஏற்றும்போது தவறினால் எக்செல்லே அதை 2 என்று மாற்றி வைத்துவிடும். நீங்கள் டிக் போடும்போது 3 ஆகிறது, மறுபடி தவறும்போது 2 ஆகிறது. ஆகவே அந்த எண்ணைக் கையால் மாற்றுமாறு யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

வழி இரண்டு. மென்பொருள் விற்றவரிடம் 64-பிட் ஆட்-இன் கேட்டு வாங்குவது ஒன்று. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் கிடைக்கலாம். இல்லையென்றால் இந்தக் கணினியில் இருக்கும் ஆஃபிஸை முழுவதும் நீக்கிவிட்டு 32-பிட் ஆஃபிஸை நிறுவுவது. இரண்டையும் ஒரே கணினியில் அருகருகே வைக்க முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றவும் முடியாது. முதலில் ஆஃபிஸ், பிறகு களஞ்சியத்தின் கிளையண்ட் (உங்கள் கணினியில் நிறுவும் பகுதி) என்ற வரிசையில் நிறுவுங்கள். ஆஃபிஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல நிறுவிகள் ஆட்-இன்னைச் சேர்க்கின்றன.

ஆணிவேர் | செவ்வாய், இரவு 8.40

32-பிட்டுக்குத் திரும்புவது பின்னோக்கிப் போவது. 32-பிட் எக்செல்லுக்கு எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் கைக்கு எட்டாது. பெரிய தரவுகளை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இந்த ஆலோசனையைக் கேட்டால் வருந்துவார்கள்.

சென்னிமலை_தறி | செவ்வாய், இரவு 8.52

அவர் திறக்கப்போவது ஹெட் (நீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் நீரின் அளவு), ஆம்பியர், எஃபிஷியன்சி என்று நாற்பது வரிகள் உள்ள ஒரு சோதனைத்தாள். அதற்கு 4 ஜிபி எதற்கு? வெள்ளிக்கிழமை ஆய்வு என்கிறார்.

வரைவகம்_குறிச்சி | புதன், நண்பகல் 12.30

தாவல் வந்துவிட்டது! பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதாம், அதனால் 32-பிட் ஆஃபிஸையே போட்டுவிட்டோம். மிகவும் நன்றி அண்ணா. ஆனால் இப்போது புதிதாக ஒரு சிக்கல். அறிக்கையின் தலைப்பில் ரிவிஷன் என்ற கட்டத்தில் ‘டி’ என்று வர வேண்டிய இடத்தில் 7 என்று வருகிறது. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதிய சிறு நிரல்) இருக்கிறது. அதை எழுதிய அண்ணன் இப்போது வேலையில் இல்லை.

பழைய_பட்டறை | புதன், பிற்பகல் 1.15

அம்மணி, இது எல்லா இடத்திலும் நடக்கிற கூத்துதான். 7 என்பது வெர்ஷன், டி என்பது ரிவிஷன். கோப்பை ஒவ்வொரு முறை செக்-இன் செய்யும்போதும் களஞ்சியம் வெர்ஷனை ஒன்று கூட்டிக்கொள்ளும். ரிவிஷன் என்பது வரைபடத்தை ஒப்புதல் கொடுத்து வெளியிடும்போது மட்டுமே மாறும். உங்கள் மேக்ரோ தவறான பெட்டியிலிருந்து எடுக்கிறது.

நான் கணபதியில் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) கடை வைத்திருந்த காலத்தில் வரைபடத்தைத் தொலைநகலில்தான் அனுப்புவார்கள். ‘எந்த ரிவிஷனுங்க தம்பி?’ என்று போனில் கேட்டு, மரப் பேட்டர்னின் அடியில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்துக்கொள்வேன். ஒரு முறை சி என்று நினைத்து டி-யை விட்டுவிட்டேன். இம்பெல்லரின் (பம்புக்குள் சுழலும் சக்கரத்தின்) வெளிவிட்டம் 138 மி.மீ.-இலிருந்து 135 ஆகக் குறைத்திருந்தார்கள், எனக்குத் தெரியவில்லை. ஒரு கொட்டாய் நிறைய வார்ப்படம் திரும்பி வந்தது. ஆகவே அறிக்கையில் ரிவிஷன் எழுத்தைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது.

ஆணிவேர் | புதன், பிற்பகல் 1.40

இதை ஏற்க முடியாது. வெர்ஷன் எண்தான் துல்லியமானது. ரிவிஷன் டி என்ற ஒரே பெயருக்குக் கீழே வெளியீட்டுக்கு முன் நான்கு வெர்ஷன்கள் இருந்திருக்கலாம். அவற்றுள் எதை வைத்துச் சோதித்தீர்கள் என்பதை எழுத்து சொல்லாது. மேலும் 3 மி.மீ. குறைந்ததற்கு ஒரு கொட்டாய் வார்ப்படத்தைத் திருப்பியிருக்க வேண்டியதில்லை, கடைசல் பிடித்திருக்கலாம்.

பழைய_பட்டறை | புதன், பிற்பகல் 2.05

கடைசல் பிடிக்கலாம்தான். விட்டத்தோடு இம்பெல்லரின் இதழான வேனின் கோணத்தையும் மாற்றியிருந்தார்களே, அதைக் கடைசலில் எப்படித் திருத்துவது? ஹெட் விட்டத்தின் இருமடியைப் பின்பற்றும் என்பது உங்களுக்கும் தெரியும். 138-ஐ 135 ஆக்கினால் 40 மீட்டர் ஹெட் ஏறத்தாழ 38.3 மீட்டர் ஆகிவிடும். எந்த ரிவிஷன் என்று தெரியாத அறிக்கையைப் பார்க்கும் ஆய்வாளர், பம்பில் குறை என்பாரா, வரைபடம் வேறு என்பாரா? அவருக்குக் கொடுக்கும் தாளில் உங்கள் 7 எதற்கு உதவும்? அது உள்வீட்டுக் கணக்கு.

நொய்யல்கரை | புதன், பிற்பகல் 2.20

இரண்டையும் அச்சிடலாம், பிரச்சினை தீர்ந்தது. சண்டையிடுவதற்கு முன் மேக்ரோ என்ன படிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே.

மின்னல்_அவினாசி | புதன், பிற்பகல் 2.34

எழுத்து வரிசையிலும் எல்லோரும் ஒன்றுபோல நடப்பதில்லை. அமெரிக்கத் தரமான ஏஎஸ்எம்இ ஒய்14.35-இல் ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய எழுத்துகளை ரிவிஷனுக்குப் பயன்படுத்துவதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எச்-க்குப் பிறகு ஐ போட்டுவிட்டார். அதை 1 என்று படித்து ஒரு வாரம் குழம்பினோம்.

சென்னிமலை_தறி | புதன், இரவு 9.05

வரைவகத்தார் கேட்டதற்கு வருகிறேன். களஞ்சியம் தன்னிடம் உள்ள விவரங்களைக் கோப்பின் கஸ்டம் புராபர்ட்டிகளாக (கோப்போடு சேர்ந்தே இருக்கும் கூடுதல் விவரங்களாக) எழுதிவைக்கும். ஃபைல், இன்ஃபோ, புராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு புராபர்ட்டீஸ் என்று போய், ‘கஸ்டம்’ என்னும் பகுதியில் பாருங்கள். ரிவிஷனுக்கு ஒரு வரியும் வெர்ஷனுக்கு ஒரு வரியும் இருக்கும். ரிவிஷன் வரி காலியாக இருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ, மேக்ரோவில் குறையில்லை. களஞ்சிய நிர்வாகியின் பக்கத்தில் அந்த விவரத்தைக் கோப்போடு இணைக்கும் அமைப்பில் விடுபட்டிருக்கிறது. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புக்கு இணைத்திருப்பார்கள், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பைச் சேர்க்க மறந்திருப்பார்கள். நான் பார்த்த இடங்களில் அடிக்கடி இப்படித்தான்.

வேர்டில் இதற்கெல்லாம் மேக்ரோவே வேண்டாம். ‘டாக்புராபர்ட்டி’ என்ற ஃபீல்டு புராபர்ட்டியை நேராக எடுத்துக்கொள்ளும். எஃப்9 அழுத்திப் புதுப்பித்தால் போதும். எக்செல்லில் அப்படிப்பட்ட ஃபீல்டு கிடையாது. கட்டத்தில் இருப்பதைப் புராபர்ட்டிக்கு அனுப்ப ‘லிங்க் டு கன்டென்ட்’ இருக்கிறது, புராபர்ட்டியில் இருப்பதைக் கட்டத்துக்குக் கொண்டுவர எக்செல்லில் எதுவும் இல்லை. அதனால்தான் உங்கள் பழைய அண்ணன் மேக்ரோ எழுதியிருக்கிறார். ஆல்ட்டும் எஃப்11-உம் அழுத்தி, ‘கஸ்டம்டாக்குமென்ட்புராபர்ட்டீஸ்’ என்ற சொல்லைத் தேடி, அதற்குப் பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் என்ன பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள்.

ஆணிவேர் | புதன், இரவு 9.30

நிர்வாகி இணைப்பைச் சரிசெய்தாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் கோப்புகளில் தானாக மாறிவிடாது. செக்-அவுட் செய்து, சேமித்து, திரும்ப உள்ளே வைத்தால்தான் புதிய மதிப்பு எழுதப்படும். அப்போது வெர்ஷன் 8 ஆகும் என்பதைப் பட்டறைக்காரர் கவனிக்க.

பழைய_பட்டறை | புதன், இரவு 9.41

ஆகட்டும். ரிவிஷன் அப்போதும் டி-தான்.

வரைவகம்_குறிச்சி | வெள்ளி, மாலை 6.20

ஆய்வு முடிந்தது. ரிவிஷனைக் கையால் தட்டச்சு செய்து கொடுத்தேன். மேக்ரோவைத் திங்கட்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அனைவருக்கும் நன்றி.

நொய்யல்கரை | அடுத்த வியாழன், முற்பகல் 10.10

மேக்ரோவில் என்ன பெயர் இருந்தது?

பெருந்துறை_கணக்கு | மூன்று வாரங்களுக்குப் பிறகு, பிற்பகல் 3.45

வணக்கம். எங்கள் அலுவலகத்திலும் இதே சிக்கல்தான், ஆனால் எக்செல்லும் 32-பிட், ஆட்-இன்னும் 32-பிட். தாவல் வரவில்லை. உடனே உதவவும்.