‘ரீகாஸ்ட்’ எனும் வகுப்பறை உத்திக்குத் தமிழ்ச் சொல்: மறுவார்ப்பா, வழிமொழிவா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் மொழி கற்பித்தல் கலைச்சொல் பட்டியலில் ‘ரீகாஸ்ட்’டுக்கு நேராக ‘மறுவார்ப்பு’ என்று இருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. வார்ப்பு என்றால் உருக்கி அச்சில் ஊற்றுவது. வகுப்பறையில் நடப்பதோ மிகச் சிறிய செயல். மாணவர் பிழையோடு சொன்னதை, பொருள் மாறாமல், பிழையுள்ள இடத்தை மட்டும் சரிசெய்து, ‘தவறு’ என்ற பேச்சே எடுக்காமல் ஆசிரியர் உடனே திரும்பச் சொல்கிறார். ஜப்பானிய வகுப்பில் ‘விலை அதிகமாக இருந்தது’ என்பதற்கு மாணவர் “தகாய் தெஷ்தா” என்கிறார். இவ்வகைப் பெயரடையில் இறந்தகாலம் பெயரடை மேலேயே ஏற வேண்டும். ஆசிரியர் “தகாகத்தா தெஸ்” என்கிறார். அவ்வளவுதான்.

சொல் தேடுவதற்கு முன் இந்த உத்தி எங்கே தோற்கிறது என்றும் பார்க்க வேண்டும். மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் ராய் லிஸ்டரும் லேலா ராண்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, மான்ட்ரியால் பகுதியின் பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகளை (பிற பாடங்களையும் கற்கும் மொழியிலேயே நடத்தும் வகுப்புகளை) ஒலிப்பதிவு செய்து அலசியது. ஆசிரியர் செய்த திருத்தங்களில் 55 விழுக்காடு ரீகாஸ்ட். அவற்றில் 31 விழுக்காட்டுக்கே மாணவர் ஏதேனும் எதிர்வினை காட்டினார். பிழை சரியானது 18 விழுக்காட்டில் மட்டும். விடையை மாணவர் வாயிலிருந்தே வரவழைக்கும் உத்திக்கோ ஒவ்வொரு முறையும் எதிர்வினை வந்தது.

காரணம், ரீகாஸ்ட் திருத்தமாகக் காதில் விழுவதில்லை. உரையாடலின் தொடர்ச்சியாகவே விழுகிறது. அதிலும் ஆள் மாறினால் பிழை முற்றிலும் மறைந்துவிடும். பிரெஞ்சில் ‘போனேன்’ என்பதற்கு மாணவர் “ழெ அலே” என்கிறார். துணைவினை தவறு, “ழ ஸ்வி அலே” என்று வர வேண்டும். ஆசிரியர் இயல்பாக “து எ அலே?” (நீ போனாயா?) என்று கேட்டால், தன்மை முன்னிலையானதால் துணைவினையும் மாறியது என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். தமிழ் கற்பிக்கும்போதும் இதே கதைதான். “நான் போனான்” என்பவரிடம் “போனீர்களா?” என்று கேட்டால் விகுதிப் பிழை அந்தக் கேள்விக்குள் புதைந்துபோகும். மாணவர் இடத்தில் நின்று “நான் போனேன்” என்றுதான் சொல்ல வேண்டும்.

‘ஆமாம், அருமை’ என்று தலையாட்டிக்கொண்டே செய்தாலும் பயனில்லை. பாராட்டு திருத்தத்தை விழுங்கிவிடும். ஒரு தடவைக்கு ஒரு பிழை, நாலைந்து சொல்லுக்குள், மாறிய இடத்தில் சற்று அழுத்தம், பிறகு இரண்டு மூன்று நொடி மௌனம். அந்த மௌனத்தில்தான் மாணவர் தானே ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். பலர் அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள்.

மாணவர் பேச்சின் வழியே சென்று மொழிவதால் ‘வழிமொழிவு’ என்பது என் முன்மொழிவு.

* * *

> ‘வழிமொழிவு’ என்பது என் முன்மொழிவு.

வணக்கம் ஐயா. விளக்கம் மிகப் பயனுள்ளது. சொல்லில்தான் எனக்கு இரண்டு தடைகள். கூட்டத் தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய மற்றவர் வழிமொழிவார் என்ற வழக்கு வேரூன்றிவிட்டது. வழிமொழிபவர் சொன்னதை ஆதரிக்கிறார். இங்கே ஆசிரியர் அதை மாற்றுகிறார். அடுத்தது இன்னும் முக்கியம். நீங்கள் காட்டிய ஆய்விலேயே ஆறு வகைத் திருத்தங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, மாணவர் செய்த பிழையையே குரலை உயர்த்தித் திருப்பிச் சொல்வது: “நான் போனான்?” அதுவும் வழிமொழிவுதானே? இரண்டும் ஒரே பெயரில் வந்தால் பயிற்சி ஆசிரியர் குழம்பிப்போவார்.

‘திருந்துமொழிவு’ என்று வைக்கலாமா? திருத்துதல் பிறவினை, யாரோ ஒருவர் திருத்துவது அதில் வெளிப்படை. திருந்துதல் தன்வினை, திருத்தும் கை கண்ணில் படாது, வாக்கியம் திருந்திய வடிவில் வந்து நிற்கும். ‘இது தவறு, இப்படிச் சொல்’ என்பதை ‘வெளிப்படைத் திருத்தம்’ எனலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் இலக்கணமே தாங்கிக்கொள்கிறது. அடுத்து வருவது மெல்லினம் என்பதால் இடையில் ஒற்றும் மிகாது.

வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி மாணவரை முடிக்க வைப்பதற்கு ‘அடியெடுத்துக் கொடுத்தல்’ இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

* * *

இருவருக்கும் வணக்கம்.

‘திருந்துமொழிவு’ எனக்கு உடன்பாடு. ‘அவன் திருந்தவே மாட்டான்’ என்னும் பேச்சு வழக்கால் ஒழுக்கச் சாயல் ஏறுமோ என்று முதலில் தயங்கினேன். ஆனால் ‘செய்வன திருந்தச் செய்’ என்று ஆத்திசூடி படித்தவர்கள் எல்லோருக்கும் செம்மை என்ற பொருளும் பழக்கம். வினையாக்கவும் எளிது: ‘ஆசிரியர் திருந்தச் சொன்னார்’. வினையாக ஓடாத கலைச்சொல்லை வகுப்பறையில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

‘அப்டேக்’ என்பதற்குப் பட்டியலில் உள்ள ‘ஏற்பு’ கூடாது. திருத்தத்தை அடுத்து மாணவர் காட்டும் உடனடி எதிர்வினை எல்லாம் அதில் அடங்கும். வெறும் “சரி” என்பதும், மறுபடி தவறாகச் சொல்வதும்கூட. ஏற்பு என்று எழுதினால் கற்றுவிட்டார் என்று பொருள்படும். ‘மறுமொழிவு’ என்றால் இந்தக் குழப்பம் வராது, திருந்துமொழிவோடு இணையாகவும் நிற்கும். பிழை உண்மையிலேயே சரியானால் அது ‘சீராக்கம்’. மறுமொழிவு இருந்தும் சீராக்கம் இல்லாமல் போகலாம். மேலே சொன்ன 31க்கும் 18க்கும் நடுவே உள்ள இடைவெளி அதுதான்.

மறுமொழிவு வகுப்பின் பழக்கத்தைப் பொறுத்தும் மாறும். லிஸ்டரும் ஹிரோஹிதே மோரியும் 2006இல் பிரெஞ்சு, ஜப்பானிய மூழ்கல் வகுப்புகளை ஒப்பிட்டார்கள். ஜப்பானிய வகுப்புகளில் சேர்ந்து திரும்பச் சொல்லும் பயிற்சி வழக்கத்தில் இருந்ததால் மாணவர் காது சொல் வடிவத்தின் மேல் இருந்தது. திருந்துமொழிவுக்குப் பின் சீராக்கமும் கூடுதலாக வந்தது. உள்ளடக்கத்திலேயே மூழ்கிய வகுப்பில் அடியெடுத்துக் கொடுப்பதுதான் மாணவர் கவனத்தை வடிவத்தின் பக்கம் இழுக்கும். விளக்கக் குறிப்பில் இது இடம்பெற வேண்டும்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

திருந்துமொழிவு: மாணவரின் பிழையான கூற்றை, பொருளும் ஆளும் மாறாமல், பிழையை மட்டும் நீக்கி, பிழை என்று சுட்டாமல் ஆசிரியர் உடனே திரும்பச் சொல்வது. வினை: திருந்தச் சொல். ஒப்பிடுக: வெளிப்படைத் திருத்தம், அடியெடுத்துக் கொடுத்தல்.

‘ஆளும்’ என்ற சொல்லை யாரும் வெட்டிவிட வேண்டாம்.