மாமாவோட குரூப் ஐகானும் பதினாலாம் லூயி காலும்

[சுந்தர் மாமா இந்தக் குழுவின் ஐகானை மாற்றினார்]

பிரபு: யாரு இது குரூப் ஐகான்ல

பிரபு: ஒரு செகண்ட் குரூப்ப யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்

சுந்தர் மாமா: போன வாரம் மலைக்கு போனப்ப எடுத்ததுப்பா. நல்லா இருக்குன்னு நாலு பேர் சொன்னாங்க, சரின்னு போட்டேன்

அம்மா: எந்த நாலு பேருடா

சித்தி: அண்ணா பாறை மேல ஒத்த கால வச்சு ஒரு கைய வானத்துக்கு காட்டி தோள்ல சால்வை வேற பறக்குது, யார கூப்பிடுறீங்க அங்க

வருண்: மாமா பஸ்ஸ நிறுத்துறாரு

சுந்தர் மாமா: டேய் அதுக்கு பேரு கம்பீரம். உங்களுக்கெல்லாம் புரியாது

நிவேதா: மாமா தப்பா எடுத்துக்காதீங்க, படிக்கும்போது ஒரு செமஸ்டர் முழுக்க இந்த போஸ்தான் பாத்துட்டு இருந்தேன். பழைய ராஜாங்க எல்லாம் இப்படித்தான் நிப்பாங்க. இருங்க ஒண்ணு அனுப்புறேன்

நிவேதா: 📷 படம்

வருண்: யாருக்கா இந்த ஆன்ட்டி

நிவேதா: ஆன்ட்டி இல்லடா, பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி 😂 யாசின்த் ரிகோன்னு ஒரு ஓவியர் 1701ல வரைஞ்சது, இப்போ பாரிஸ் லூவர்ல இருக்கு. கிட்டத்தட்ட 2.77 மீட்டர் உயரம், நாம முன்னாடி போய் நின்னா அவர் முட்டிகிட்டத்தான் நம்ம கண்ணு இருக்கும்

சித்தி: முடிய பாரேன். ரெண்டு பேருக்கு பங்கு போடலாம் போல

நிவேதா: விக்கு சித்தி. முடிய விடுங்க, கால பாருங்க

அம்மா: நானும் காலத்தான் பாத்துட்டு இருக்கேன். என்னடி இது அந்த மனுஷன் அவ்ளோ பெரிய அங்கிய தூக்கி தோள்ல போட்டுட்டு வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் போட்ட கால முன்னாடி நீட்டிட்டு நிக்கிறாரு, செருப்பு கடை விளம்பரம் மாதிரி

நிவேதா: அதாம்மா மேட்டரே. சின்ன வயசுல அவர் பாலே டான்ஸ் ஆடுவாரு, 1653ல அரண்மனையில ஒரு டான்ஸ்ல சூரியனா வேஷம் கட்டி ஆடுனப்ப 14 வயசு, சூரிய ராஜான்னு பட்டப்பேரு அதோட நல்லா ஒட்டிக்கிச்சு. இந்த படம் வரையும்போது 62, 63 வயசு, மூட்டு வீக்கம் வேற. ஆனா படத்துல கால் மட்டும் அந்த டான்ஸ் கால்தான்

பிரபு: அதாவது முகத்துக்கு வயசாகுது காலுக்கு ஆகல

நிவேதா: ஆமா முகத்துல தொங்கல் சுருக்கம் எல்லாத்தையும் ரிகோ ஓரளவுக்கு வரைஞ்சிருக்காரு, கீழ வர வர இளமை. அப்புறம் அந்த சிவப்பு குதிகால், அதை அரசவையில எல்லாரும் போட முடியாது, ராஜா ஆளுங்களுக்கு மட்டும்தான். கையில இருக்கறது செங்கோல், அதை தலைகீழா திருப்பி ஊன்றுகோல் மாதிரி ஊணிட்டு இருக்காரு பாருங்க

வருண்: குடை மாதிரி

சுந்தர் மாமா: ஒரு ராஜா ராஜா மாதிரி நிக்காம வேற எப்படி நிப்பாரு. இதுல சிரிக்க என்ன இருக்கு

நிவேதா: இன்னும் இருக்கு மாமா. இந்த படத்த ஸ்பெயினுக்கு ராஜாவா போன பேரனுக்கு அனுப்பத்தான் வரைய சொன்னாரு. வரைஞ்சு முடிச்சதும் பாத்தாரு, ரொம்ப பிடிச்சு போச்சு, நானே வச்சுக்கிறேன்னு வச்சுக்கிட்டாரு

சித்தி: 🤣🤣 அண்ணா நீங்க எனக்கு வாங்கின வாட்ச் மாதிரியே

சுந்தர் மாமா: அது வேற விஷயம்

பிரபு: கமலா அத்தை ரொம்ப நேரமா டைப்பிங்னு காட்டுது அப்புறம் நின்னுடுது. அத்தை சொல்லுங்க

அம்மா: அவ பாவம், விடு

நிவேதா: எட்டாம் ஹென்றி தெரியும்ல, இங்கிலாந்து. ஹோல்பைன்னு ஒரு ஓவியர் 1537ல லண்டன் வைட்ஹால் அரண்மனை சுவத்துல அவரை வரைஞ்சாரு, ரெண்டு காலையும் அகட்டி வச்சு தோள் கதவு அகலத்துக்கு, கேமராவ முறைக்கிற மாதிரி நேரா பாத்துட்டு. அந்த அரண்மனை 1698ல எரிஞ்சு போச்சு, சுவரும் போச்சு. ஆனா அதுக்குள்ள காப்பி நெறைய எடுத்துட்டாங்க, அதான் இன்னிக்கும் ஹென்றின்னா நமக்கு அந்த போஸ்தான். அதுல இடுப்புக்கு கீழ நடுவுல ஒரு துணி கவசம் துருத்திட்டு இருக்கும், அதை பத்தி நான் இந்த குரூப்ல பேச மாட்டேன்

வருண்: எது

சித்தி: வருண் நீ போய் படி

வருண்: இது ஹிஸ்டரிதான மா

நிவேதா: 😂 ஆனா அதே ஹோல்பைனால அவர் மாட்டிக்கிட்டதும் உண்டு. பொண்ணு பாக்க ஓவியர அனுப்பினாரு, ஹோல்பைன் 1539ல ஆன் ஆஃப் கிளீவ்ஸ வரைஞ்சுட்டு வந்தாரு, படம் பிடிச்சு போச்சு, 1540 ஜனவரில கல்யாணம். நேர்ல பாத்தா பிடிக்கல. ஜூலைல கல்யாணமே செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க

அம்மா: டிபிய பாத்து ஏமாந்துட்டாரு

நிவேதா: அவரை அந்தம்மாவுக்கு பிடிச்சுதான்னு யாரும் கேக்கல பாருங்க. கல்யாணத்த ஏற்பாடு பண்ண மந்திரி குரோம்வெல்லுக்கு அதே மாசம் தலை போச்சு, அதுக்கு வேற அரசியலும் இருந்துச்சு. வரைஞ்சவருக்கு ஒண்ணும் ஆகல. அந்தம்மா கோட்டையெல்லாம் வாங்கிட்டு நிம்மதியா இருந்து ஹென்றிக்கு அப்புறமும் பத்து வருஷம் வாழ்ந்தாங்க

சித்தி: சூப்பர். அந்தம்மா படம் இருந்தா அனுப்பு, அதை குரூப் ஐகானா வைப்போம்

தாத்தா: 🎤 வாய்ஸ் மெசேஜ் 3:42

பிரபு: தாத்தா மூணு நிமிஷம் டிவி சத்தம்தான் கேக்குது, டைப் பண்ணுங்க ப்ளீஸ்

தாத்தா: வெள்ளைக்காரனையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே நம்ம ஜஹாங்கீர் என்ன குறைச்சலா நான் முப்பது வருஷம் பசங்களுக்கு வரலாறு நடத்தினவன் சொல்கிறேன் ஜஹாங்கீரும் பாரசீக ராஜா ஷா அப்பாசும் கட்டிப்பிடிக்கிற மாதிரி அபுல் ஹசன் வரைந்த படம் 1618 வாக்கில் வந்தது பூமி உருண்டை மேல் இரண்டு பேரும் நிற்கிறார்கள் ஜஹாங்கீர் கால் கீழே சிங்கம் படுத்திருக்கிறது அப்பாஸ் கால் கீழே ஆட்டுக்குட்டி, ஜஹாங்கீர் நல்ல வாட்டசாட்டமாக தலைக்கு பின்னால் சூரியன் சந்திரன் எல்லாம் வைத்து, அப்பாஸ் மட்டும் மெலிந்து கூனிக்கொண்டு. இதில் விசேஷம் என்னவென்றால் இரண்டு பேரும் வாழ்நாளில் ஒரு தடவை கூட பார்த்துக்கொண்டதே இல்லை

வருண்: என்னது 😭

நிவேதா: தாத்தா செம. அந்த சிங்கத்த ஜூம் பண்ணி பாருங்க எல்லாரும், சாதுவா தூங்குற மாதிரி படுத்துட்டு அந்த ஆட்ட மெதுவா மேப்ல ஓரமா தள்ளிட்டு இருக்கும்

தாத்தா: 1622ல் அந்த ஆட்டுக்குட்டி வந்து ஜஹாங்கீர் கையில் இருந்த காந்தஹாரை பிடித்துக்கொண்டது

பிரபு: 🔥🔥🔥 தாத்தா ராக்ஸ்

தாத்தா: இன்னொன்றும் உண்டு. தக்காணத்தில் மாலிக் அம்பர் என்று ஒரு தளபதி முகலாய படையை ஓட ஓட விரட்டினார். ஜஹாங்கீரால் கடைசி வரை அவரை பிடிக்க முடியவில்லை. அதனால் அம்பர் தலையை வெட்டி ஈட்டியில் குத்தி வைத்த மாதிரியும் தான் உருண்டை மேல் நின்று அதன் மேல் அம்பு விடுகிற மாதிரியும் வரைய வைத்துக்கொண்டார். அம்பர் அதற்கு அப்புறமும் பத்து வருஷம் போல இருந்து வயதாகித்தான் 1626ல் போய் சேர்ந்தார்

சித்தி: ஆபீஸ்ல மேனேஜர ஒண்ணும் சொல்ல முடியாம வீட்டுக்கு வந்து கனவுல திட்டுற மாதிரி

நிவேதா: ஆமா சித்தி. எனக்கு என்ன தோணும்னா இந்த படங்கள்ல எது ரொம்ப பெருசா இருக்கோ அதுதான் அவங்களுக்கு உறுத்தல். லூயிக்கு கால். ஜஹாங்கீருக்கு அம்பர். முதலாம் எலிசபெத் ராணி படம் ஒண்ணு இருக்கு, 1600 வாக்குல, அவங்களுக்கு 67 கிட்ட ஆகுது, படத்துல இருபது வயசு பொண்ணு. போட்டிருக்கற அங்கி முழுக்க கண்ணும் காதுமா வரைஞ்சிருக்கும், எல்லாத்தையும் பாக்குறேன் கேக்குறேன்னு அர்த்தம்

பிரபு: குரூப் அட்மின்

அம்மா: அட்மின் நான்தான்டா. அந்த அங்கி எனக்கு வேணும், அந்த ஃபில்டரும் வேணும்

சுந்தர் மாமா: சரி சரி எல்லாரும் சிரிச்சாச்சா. நான் இவங்கள யாரையும் பாத்து போஸ் குடுக்கல. அது நெப்போலியன் ஸ்டைல். குதிரை மேல ஏறி ஆல்ப்ஸ் மலைய தாண்டுவாரே அந்த படம். வீரம்னா அது

நிவேதா: மாமா 😬

நிவேதா: மாமா நீங்களா வந்து விழுந்துட்டீங்க

நிவேதா: சரி. தாவீத்னு ஓவியர், 1801ல முதல் படம், அப்புறம் 1805 வரைக்கும் அதையே மொத்தம் அஞ்சு தடவ வரைஞ்சாரு. குதிரை ரெண்டு கால தூக்கி நிக்குது, அங்கி காத்துல பறக்குது, கை மேல காட்டுது, பின்னாடி படையே எறும்பு சைஸ்ல. கீழ பாறையில போனபார்ட்னு பேரு செதுக்கிருக்கும், பக்கத்துலயே ஹன்னிபால், சார்லமேன். அதாவது இந்த மலைய தாண்டின பெரிய ஆளுங்க லிஸ்ட்ல இவர் பேரு முதல்ல

சுந்தர் மாமா: அதான் சொல்றேன். தலைவன்

நிவேதா: 1800 மே மாசம் நிஜமா அவர் அந்த மலைய தாண்டினது கோவேறு கழுதை மேல. படை முன்னாடி போயிடுச்சு, இவர் பின்னாடி ஒரு வழிகாட்டி கழுதைய பிடிச்சு கூட்டிட்டு போக மெதுவா போனாரு

வருண்: 💀💀💀

நிவேதா: படத்துக்கு நேர்ல வந்து உக்காரவும் மாட்டேன்னுட்டாரு. அதனால தாவீத் தன் பையனையே ஏணி மேல உக்கார வச்சு வரைஞ்சாரு. நாம பாக்கற அந்த வீரம் ஏணி மேல உக்காந்த ஒரு பையன்

சித்தி: ஐயோ என்னால முடியல வயிறு வலிக்குது

நிவேதா: முதல் படத்துக்கு ஆர்டர் குடுத்தது யாரு தெரியுமா, ஸ்பெயின் ராஜா நாலாம் கார்லோஸ். நட்பா இருக்கட்டும்னு அரண்மனையில மாட்டி வச்சாரு. 1808ல அந்த நெப்போலியனே அவர் குடும்பத்த விலக்கிட்டு தன் அண்ணன அங்க ராஜா ஆக்கிட்டாரு

பிரபு: காசு குடுத்து மாட்டின படம் அவரையே வெளிய அனுப்பிருச்சு

தாத்தா: கழுதை மேல் போகிற படமும் உண்டல்லவா

நிவேதா: இருக்கு தாத்தா, 1850ல தெலாரோஷ் வரைஞ்சது. 📷 படம். பழுப்பு கோட்டு, குளிர்ல கைய உள்ள விட்டுட்டு, தலைய தொங்க போட்டு, கழுதைக்கும் அவருக்கும் ஒரே மூஞ்சி. எனக்கு அஞ்சு குதிரைய விட இந்த ஒரு கழுதை ரொம்ப பிடிக்கும், அந்த ஆள் நிஜமாவே மலை ஏறின மாதிரி இருக்கு

சுந்தர் மாமா: எப்படியோ மலைய தாண்டினாரா இல்லையா. நானும் ஏறினேன். 2 மணி நேரம் நடை. கேளு உங்க அத்தைய

[கமலா அத்தை டைப் செய்கிறார்...]

பிரபு: அத்தை வர்றாங்க வர்றாங்க

கமலா அத்தை: காலையில இருந்து வேண்டாம் வேண்டாம்னு அழிச்சு அழிச்சு டைப் பண்ணிட்டு இருக்கேன். 2 மணி நேரம்னு சொன்னதும் பொறுக்கல

கமலா அத்தை: 📷 படம்

சித்தி: ஐயய்யோ

பிரபு: இருங்க இருங்க இது பார்க்கிங்கா?? பின்னாடி வேன் நிக்குது

கமலா அத்தை: வேன் உச்சி வரைக்கும் போகும். இறங்குற இடத்துலயே அந்த கல்லு. என் முட்டி உயரம்தான் இருக்கும். கூட வந்த பொண்ணு சிரிச்சுகிட்டே இத எடுத்து எனக்கு அனுப்புச்சு

நிவேதா: அத்தை அந்த கல்லுக்கு பின்னாடி குத்த வச்சு உக்காந்துருக்கறது யாரு

கமலா அத்தை: வேன் டிரைவர். காத்தே இல்ல. சால்வை பறக்கணும்னு ஒரு முனைய அவர்கிட்ட குடுத்து ஆட்ட சொன்னாரு உங்க மாமா. பாவம் அந்த மனுஷன் பத்து நிமிஷம் ஆட்டினாரு

அம்மா: டேய் சுந்தரா 😂😂😂😂

சுந்தர் மாமா: கமலா டெலீட் பண்ணு

[கமலா அத்தை இந்தக் குழுவின் ஐகானை மாற்றினார்]

தாத்தா: படத்தில் தரையில் குப்புற படுத்திருப்பது யார்

கமலா அத்தை: நான்தான் மாமா. கீழ இருந்து எடுத்தாதான் கல்லு மலை மாதிரி தெரியும்னு என்னை படுக்க வச்சு எடுக்க சொன்னாரு. இன்னிக்கு வரைக்கும் இடுப்பு வலி

வருண்: அத்தை ஒரு டவுட். இந்த படத்துல நெப்போலியன் மாமா ஓகே. கழுதை யாரு

கமலா அத்தை: அதுவும் நான்தான்டா கண்ணு